மாறிப்போன மிதிகள்

குன்னூரில் டிசம்பர் மாலை ஆறு மணி
ஜன்னலில் யாரோ வாய்வைத்து ஊதிவிட்டுப் போன மாதிரி.
பெட்போர்டுக்கு மேலே சர்ச் ஹால்.
நாற்பது நாற்காலி, பதினேழு ஸ்வெட்டர்.
வளைவில் காட்டெருமை நிற்பதால்
இன்னும் மூன்று பேர் தாமதம்.
இருக்கிற ஒரே ஹீட்டரை மேடைப் பக்கம் திருப்பிக்கொண்டோம்.
விரல்களுக்காக என்றோம். யாரும் மறுக்கவில்லை.

போன வருடம் வரை காகிதம்.
பனியில் நமுத்து அப்பளமாய் வளைந்து
துணிக்கிளிப் போட்டும் நழுவி
மெதுவான பகுதியின் நடுவே
பியானோவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்ட ஒன்பதாம் பக்கம்.
அன்று நான் வாசித்ததை எவரும் எழுதியதில்லை.
கைதட்டினார்கள்.

இப்போது டேப்லெட்.
மாதத் தவணை ஆயிரத்து நானூறு.
காலடியில் சோப்புப்பெட்டி அளவில் கறுப்பாய் ஒரு மிதி.
வலது அழுத்தினால் அடுத்த பக்கம், இடது அழுத்தினால் முந்தையது.
கைகள் கைகளின் வேலையைப் பார்க்கலாம்.

தியோடருக்கும் அதே கம்பெனி, அதே கறுப்பு.
மேடை அடுக்கியவன் செல்லோ வாசிக்கும் போஜராஜ்.
எங்கள் இருவருக்கும் நடுவே தகவல் சுமப்பவனும் அவனே,
ஜூலையிலிருந்து.
"நீ எண்ணுறதே இல்ல" என்றேன், ஒத்திகையில்.
"நீ ஓடுற" என்றான்.
அவ்வளவுதான். ஐந்து மாதம்.

முதல் பகுதி, முப்பத்தெட்டாவது பார்.
மிதித்தேன்.
என் பக்கம் அசையவில்லை. அவன் பக்கம் புரண்டது.
வில் ஒரு நூல் தயங்கியது.
அவன் பின்னோக்கி மிதித்தான்:
என் திரையில் முதல் பக்கம்,
புத்தம் புதிதாய், ஆரம்பிக்கலாமா என்பதுபோல்.
விரலால் தள்ள ஒரு கை வேண்டும்.
அந்த இடத்தில் எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.
நினைவிலிருந்து நாலு பார் ஓட்டினேன்.
இடது மிதித்து அவனுக்கு அவன் பக்கத்தைக் கொடுத்தேன்.
அவன் வலதை இரண்டு முறை.
எனக்கு என்னுடையது வந்தது.

பியானோவின் பக்கத்தில் வயலினுக்கும் ஒரு வரி உண்டு,
பொடி எழுத்தில், என் இரு கைகளுக்கும் மேலே.
அவன் என்ன வாசிப்பான் என்று தெரியும்.
அவன் பக்கம் எங்கே முடியும் என்று தெரியாது.
அவன் தாளில் நான் இல்லவே இல்லை.
நான் தனியாகப் போகும் இடத்தில்
தடித்த ஒரு கோடு, மேலே ஓர் எண்:
பன்னிரண்டு.
சும்மா இரு என்று அர்த்தம்.

எனவே தலையசைத்தேன், அவன் மிதித்தான்.
அவன் தாடைக்கு வேறு வேலை. புருவம் தூக்கினான்,
நான் மிதித்தேன்.
புருவம் போதாத இடத்தில்
எட்டி அவன் திரையைப் பார்க்க வேண்டியிருந்தது.
இரண்டாம் பகுதியில், பன்னிரண்டுக்கு முன்னால்,
சிவப்பில் அவன் கிறுக்கல்:
இங்கே ஓடுவாள். விடு.

என் திரையிலும் சிவப்பு உண்டு.
அவன் நிற்கும் இடத்திலிருந்து நன்றாகத் தெரியும்.
அதே பாருக்கு மேலே
நான் எழுதியிருப்பது: இவனை நம்பாதே.
அடியில் இரண்டு கோடு வேறு.

பன்னிரண்டு வந்தது.
வில்லைத் தாழ்த்தி நின்றான்.
உதடு மட்டும் அசைந்தது: நாலு, ஐந்து.
என் பக்கம் ஏழில் முடியும்.
தலையசைக்க நினைத்தேன்,
அதற்குள் பக்கம் புரண்டிருந்தது.
எட்டு, ஒன்பது.
நான் ஓடினேனா என்று தெரியவில்லை.
ஓடியிருப்பேன்.

இடைவேளையில் தேநீர், வர்க்கி.
சட்டையெல்லாம் தூளாய் உதிர்த்துக்கொண்டு
அவன் ஹீட்டர் ஓரம், நான் கதவோரம்.
மேடையில் மிதிகள், வைத்த இடத்தில்.
மாற்றி வைக்கப் பத்து நிமிடம் முழுதாய் இருந்தது.

போஜராஜ் வந்தான்.
"அவன்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

வர்க்கி இன்னும் இருக்கான்னு கேளு என்றேன்.